கனமான கட்டை கேட்டவள்

பதினேழாவது அத்தியாயம்

அந்த வீட்டு டிஜிட்டல் பியானோ மூச்சை விட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். பன்னிரண்டு வருஷம் உழைத்த சாமான். நடுவில் ஒன்பது கட்டைகள் ஒரே காலையில் ஊமையாகிவிட்டன. அழுத்தினால் பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வந்தது.

போனது போகட்டும், கொன்றது யார் என்பதுதான் ஒரு வாரமாக வீட்டில் சண்டை. வாரத்தில் நாலு சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு நடனப் பள்ளியின் மூன்று மாடியும் ஏறி இறங்கினால் உள்ளே ஒயர் விட்டுப்போகாமல் என்ன செய்யும் என்று டீச்சர் கேட்டாள். பத்தொன்பது பிள்ளைகள் மாறி மாறி ஆணி அடிப்பதுபோல் அடித்தால் இரும்பே தாங்காது என்று நாத்தனார் திருப்பிக் கேட்டாள். அதற்கப்புறம் இருவரும் சமையலறையில்கூட எதிரெதிர் மூலையில்தான் நின்றார்கள்.

டீச்சர் அந்த வீட்டு மருமகள். பதினைந்து வருஷமாக முன்னறையில் பியானோ வகுப்பு நடத்துகிறாள். தெருவே டீச்சர் என்று கூப்பிட்டு, கடைசியில் கட்டின புருஷனும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் குரல் உயர்ந்தால் போதும், ஊரில் எங்கேயாவது ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுபோகும், அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான்.

நாத்தனாருக்கு முப்பத்திநாலு வயது. இன்னும் வீட்டில் பாப்பாதான். ஹோட்டல் வரவேற்பறையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவள். ஹோட்டல்காரர்கள் வாசிப்பே வேண்டாம் என்று நிறுத்தியதும் ஆறு மாசத்துக்கு முன்னால் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நடனப் பயிற்சிக்கு வாசிக்கிற வேலை சாயங்காலம் மட்டும்தான். பகலில் அண்ணியின் வகுப்பில் 'உதவி'.

அந்த உதவி என்ன லட்சணம் என்பதை இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பியானோ, புதன்கிழமை கடைக்குப் போகிறோம், ஒப்பிட்டுப் பார்க்கிறோம், முடிக்கிறோம் என்று மாமனார் தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் சந்தை சந்தையாகப் போய் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தினவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

கடைசியில் நின்றது இரண்டே மாடல்கள். இரண்டிலும் எண்பத்தெட்டுக் கட்டைகள். விலையும் ஒன்றே. அதனால் அந்தப் பேச்சுக்கே வேலையில்லாமல் போச்சு, இல்லாவிட்டால் அதற்கு வேறு ஒரு வாரம் அடித்துக்கொண்டிருப்பார்கள். மாடல் நம்பர்கள் வாயில் நுழையாததால் மாமனார் இரண்டுக்கும் பெயர் வைத்தார். ஒன்று கனத்தது, இன்னொன்று லேசானது.

நாத்தனார் லேசானது வேண்டும் என்றாள். மாடி ஏறுகிறவள் வேறென்ன கேட்பாள்? அவள் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் கனத்ததுதான் வேண்டும் என்றாள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

டீச்சரின் வலது முழங்கையில் ஒரு நரம்பு ஒன்பது மாசமாக நசுங்கிக்கொண்டிருக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. லேசாக அழுத்தினால் கேட்கும். கொஞ்சம் வலு வேண்டுமென்றால் அப்படியே மடங்கிக்கொள்ளும். கனமான வேலை கொடுத்தால் இருக்கிறதும் போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இது டாக்டருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், இப்போது நமக்குத் தெரியும். வீட்டில் ஈ எறும்புக்குத் தெரியாது.

அப்படியிருக்க எதற்குக் கனத்ததைக் கேட்டாள்? பதினைந்து வருஷமாகப் பெற்றவர்களிடம் அவள் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வசனம் ஒன்று உண்டு. கனமான கட்டையில் பழகினால்தான் விரல் விரலாக இருக்கும், லேசான கட்டையில் பழகினவர்கள் டைப் அடிக்கத்தான் லாயக்கு. அதே வாயால் லேசானது வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கையைக் காட்டவேண்டியிருக்கும். கையைக் காட்டினால் முன்னறை போய்விடும். முன்னறை இல்லாவிட்டால் அந்த வீட்டில் தான் யாரென்று அவளுக்கே தெரியாது.

ஆனால் நம்ம டீச்சர் லேசுப்பட்டவள் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானமே ஒரு திட்டம் போட்டுவிட்டாள். கனத்ததற்காகக் கடைசிவரை வாதாடுவது, நியாயமாகத் தோற்பது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே லேசானதை வாங்கிக்கொள்வது.

அதற்காக ஒரு மார்க் பேப்பர் தயார் செய்தாள். தொடு உணர்வுக்கு இருபது மார்க். தூக்கும் எடைக்கும் இருபது. ஒலிக்குப் பதினைந்து, ஸ்பீக்கருக்குப் பத்து, பேட்டரிக்குப் பத்து, மிதிகட்டைக்குப் பத்து என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் இரண்டு ஹெட்ஃபோன் மாட்டும் வசதி என்று அஞ்சு மார்க். ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று பக்கத்தில் குறிப்பு வேறு. அந்த வசதி கனத்ததில் மட்டும்தான் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் லேசானது ஏழெட்டு மார்க்கில் ஜெயிக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் பேப்பரைப் பார்த்த மாமனாருக்குப் பரம சந்தோஷம். தனக்கு வேண்டாததற்கும் நியாயமாக மார்க் போடுகிற மருமகள் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாத்தனார் பேப்பரை வாங்கி, ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

*

கடைக்காரர் கழுத்தில் டை கட்டி, சிரித்த முகமாக வரவேற்றார். மாமனார் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்ததும் அந்தச் சிரிப்பு பாதியாகிவிட்டது.

பியானோவை உறையில் போட்டு, பட்டையில் கொக்கியை மாட்டி, தூக்கு பாப்பா என்றார். தூக்கிப் பழகிய கை, நாத்தனார் ஒரே மூச்சில் தூக்கினாள். லேசானது பதினொரு கிலோ காட்டியது. கனத்தது பதினைந்தரைக்கு ஒரு பொட்டு குறைவு. அதைத் தூக்கும்போது அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றதை டீச்சர் பார்த்தாள். பார்த்து, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அச்சடித்த தாளில் இரண்டுக்குமே அறுநூறு எழுநூறு கிராம் குறைத்துப் போட்டிருந்தது. அடாப்டரும் புத்தகத் தாங்கியும் சேர்ந்த எடை சார் என்று கடைக்காரர் இழுத்தார். அதையெல்லாம் வீட்டில் விட்டுவிட்டா என் பொண்ணு வாசிக்கப்போவாள் என்று கேட்டு, மாமனார் தன் எடையைத்தான் எழுதிக்கொண்டார்.

ஒலியில் கனத்தது ஜெயித்தது. கீழ்ப் பக்கம் தொட்டால் மேஜை அதிர்ந்தது, மேல் பக்கம் கணீரென்று நின்றது. லேசானதன் மேல் பக்கம் டம்ளரைத் தட்டினாற்போல் இருந்தது. ஸ்பீக்கரில் கதை மாறியது. கனத்ததன் ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்திருந்ததால் மெத்தைமேல் வைத்தால் சத்தம் அமுங்கும் என்று நாத்தனார் குறை சொன்னாள். பிள்ளைகளை மெத்தைமேல் வைத்து யாரும் சொல்லித்தருவதில்லை என்றாள் டீச்சர். நடனப் பள்ளித் தரை முழுக்க ரப்பர் விரிப்பு, அங்கே ஒரு நாளாவது வந்து பார்த்திருந்தால் தெரியும் என்று பதில் வந்தது. லேசானதன் மிதிகட்டை தரையில் வழுக்குகிறது என்று ஒருத்தி காட்டினாள். மின்சாரம் போனால் கனத்தது வெறும் பலகை என்று இன்னொருத்தி சொன்னாள். கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோய், தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம் மாமனார் அந்தச் சின்ன மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பித்தளை எடைக்கற்கள், பள்ளம் பள்ளமாக வரிசையாய் உட்கார்ந்திருந்தன. கட்டையின் நுனியில் கல்லை வைப்பது, எந்தக் கல்லுக்குக் கட்டை இறங்குகிறதோ அதுதான் அதன் எடை. பியானோ கடையில் இப்படி ஒரு சோதனை நடந்து கடைக்காரர் பார்த்ததில்லை. அவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

லேசானதன் நடுக்கட்டையில் ஐம்பது கிராம் வைத்தார். மெதுவாக இறங்கியது. கனத்ததில் ஐம்பது வைத்தார். அசையவில்லை. அறுபது வைத்தார். அதற்கும் மசியவில்லை. எழுபத்தைந்துக்குத்தான் இறங்கியது.

டீச்சருக்கு அந்தக் கல் தன் சுண்டு விரல்மேலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இருபத்தைந்து கிராம் வித்தியாசம், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அழுத்துவாய் என்று மாமனார் மருமகளைப் பார்த்துக் கேட்டார். அவர் எடை போடுகிறவர், கணக்குக்காகக் கேட்டார், வேறொன்றுமில்லை. ஆனால் டீச்சரின் முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. நாத்தனார் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ஆளுக்கொரு தடவை இரண்டிலும் ஒரே பாட்டை வாசித்துக் காட்டவேண்டும், முதலில் டீச்சர் என்றார் மாமனார்.

லேசானதில் ஸ்பீக்கரைப் போட்டே வாசித்தாள். என்ன சொல்வது, வெண்ணெயில் விரல் போனாற்போல் போனது. ஒன்பது மாசமாக முரண்டு பிடித்த இரண்டு விரல்களும் கூப்பிட்ட இடத்துக்கு வந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மூக்கை உறிஞ்சி, இதில் வாசிப்பதும் டைப் அடிப்பதும் ஒன்று என்று முகத்தைச் சுளித்தாள். நடிப்பு பரவாயில்லை.

கனத்ததற்கு வந்ததும், கடையில் சத்தமாக இருக்கிறது, நுணுக்கம் பிடிபடாது என்று சொல்லி ஹெட்ஃபோன் கேட்டாள். யார் காதிலும் விழக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கடைக்காரர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்.

வாசித்தாள். முதல் எட்டு வரி ஓடியது. பாட்டின் மேல் சுரங்கள் சுண்டு விரலுக்கு வந்ததும் விரல் கட்டையைத் தொட்டது, கட்டை இறங்கவில்லை. மறுபடியும் அதே. இடது கையில் கொஞ்சம் பலமாக அடித்து மூடப் பார்த்தாள். காதுக்குள் அவளுக்கே கேட்கவில்லை, இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. நெற்றி வியர்த்தது. கண்ணைக் கையைவிட்டு எடுக்காமல் எப்படியோ முடித்தாள். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு விரல்கள் ஓடியதுதான் தெரிந்திருக்கும்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, பியானோவின் மறு ஓரத்தில் நாத்தனார் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் ஒரு ஹெட்ஃபோன். ஒயர் இரண்டாவது துளையில் மாட்டியிருந்தது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கலாம். அஞ்சு மார்க். எழுதினவள் அதை எழுதியதோடு மறந்துவிட்டாள்.

நாத்தனார் ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றி, ஒயரைச் சுற்றி, கடைக்காரரிடம் கொடுத்தாள். மாமனார் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். லேசானது ஏழு மார்க் முன்னால் இருந்தது. டீச்சர் மனசுக்குள் திட்டமிட்டபடியே நடக்கிறது, நடக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

"உன் முறை பாப்பா, உக்காரு" என்றார் மாமனார்.

"எனக்கு வேண்டாம்ப்பா. அண்ணி சொல்றதுதான் சரி. கனத்ததே வாங்கிடலாம்."

மாமனாரின் பேனா நின்றது. மார்க் லேசானதுக்குத்தான் வருகிறது, நீயும் அதைத்தானே கேட்டாய், மாடிக்கு யார் தூக்குவது என்றெல்லாம் கேட்டார். தூக்கிக்கொள்வேன், நாலு கிலோவில் என்ன வந்துவிடப்போகிறது, பிள்ளைகள் விரல் விரலாக இருக்கவேண்டாமா, பதினைந்து வருஷமாக அண்ணி படித்துப் படித்துச் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நாத்தனார் தேனாகப் பேசினாள். பேசும்போது அண்ணியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு வாரமாக டீச்சர் தொண்டை கிழியக் கேட்டதைக் கையில் கொடுக்கிறாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? மாடி ஏறுகிற உனக்குக் கஷ்டமாச்சே என்று ஒரு அக்கறையை வரவழைத்துப் பார்த்தாள். இத்தனை நாள் இல்லாத கரிசனம் இப்ப எதுக்கு அண்ணி என்று சிரித்தாள் நாத்தனார். மாமனாரும் சிரித்தார்.

கனத்ததற்கு ரசீது போடச் சொல்லிவிட்டு அவர் மேஜைப் பக்கம் போனார். நாலு மணிக்கு வண்டி கிளம்பும், அஞ்சுக்குள் வீட்டில் இருக்கும் என்றார் கடைக்காரர்.

*

கடைக்குப் பின்னால் கார் நிறுத்தியிருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. டீச்சர் நாத்தனாரின் பின்னாலேயே வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன விளையாட்டு இது?"

"பதினோரு இடம் அண்ணி. எண்ணிட்டேன். நடு விரலுக்கு அந்தாண்ட ஒண்ணுமே விழலை."

டீச்சர் அந்த ஹெட்ஃபோனில் கோளாறு என்றாள். நாத்தனார் கேலியாகத்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். ஆனால் அவள் பழைய கணக்கை எடுத்தாள்.

"ஆறு மாசமா, பாப்பா வந்து வாசிச்சுக் காட்டுன்னு கூப்பிடுவீங்க. ஒவ்வொரு பாட்டும் வாசிச்சுக் காட்டினேன். முடிச்சதும் பிள்ளைங்க பக்கம் திரும்பி, பாத்தீங்களா, இப்படி வாசிக்கக் கூடாதும்பீங்க. பெத்தவங்க உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடியே சொல்வீங்க."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தன்னால் வாசித்துக் காட்ட முடியாது. பிள்ளைகள் கேட்காமல் கற்றுக்கொள்ள முடியாது. நாத்தனாரை வாசிக்கவைத்து, அது தப்பு என்று சொல்லிவிட்டால் இரண்டு காரியமும் ஆச்சு. பாட்டும் அவர்கள் காதில் விழுந்தது, டீச்சரின் கௌரவமும் நின்றது. இதை ஏதோ கெட்டிக்காரத்தனம் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரூமுக்குப் போய், ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, அதையே திருப்பித் திருப்பி வாசிச்சு எங்க தப்புன்னு தேடுவேன். ஹோட்டல்ல என்னை நிறுத்தினதுகூட என் வாசிப்பு மட்டமாப் போனதாலதானோன்னு நினைக்க ஆரம்பிச்சுட்டேன். உங்க கை நோவை மறைக்க என்னை அசிங்கப்படுத்தியிருக்கீங்க."

"வேலை போனதும் வந்து ஒட்டிக்கிட்டவ நீ. உனக்கு உக்கார இடம் குடுத்ததே என் வகுப்பு." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒன்பது மாசப் பயமும் அந்த ஒரு வாக்கியத்தில் விஷமாக வந்து விழுந்தது.

"ஒட்டிக்கிட்டுத்தான் உங்க வகுப்பை நடத்திக்கிட்டிருக்கேன். சரி, நேராவே பேசலாம். எனக்கு முன்னறை வேணும். பத்தொன்பது பிள்ளைங்களும் வேணும். சனிக்கிழமை பெத்தவங்க கூட்டம், எல்லாரும் வர்றாங்க. கை முடியலை, இனிமே பாப்பா நடத்துவான்னு நீங்களாச் சொன்னா உங்களுக்கு மரியாதை. சொல்லலைன்னா கனத்தது அங்க உக்காந்திருக்கும். அண்ணி ஒரு பாட்டு வாசிங்கன்னு எல்லார் முன்னாடியும் நானே கூப்பிடுவேன்."

அப்போது மாமனார் ரசீதைக் காற்றில் ஆட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கதவைத் திறந்து காரில் ஏறினார்கள்.

*

நாத்தனார் ஓட்டினாள். பக்கத்தில் மாமனார். பின் சீட்டில் டீச்சர், மடியில் அந்த எடைக்கல் பெட்டி.

மாமனாருக்குப் பேச்சு நிற்கவில்லை. பதினாறு வருஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் இன்றைக்குத்தான் பார்க்கிறேன், முன்பே ஒரு பியானோ செத்திருக்கலாம் என்றார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை கனத்ததில் உட்கார்ந்தால் பதினோரு ஓட்டையும் பத்தொன்பது குடும்பத்துக்குத் தெரியும். உட்காராமல் இவளிடம் சரணாகதி என்றால் வாழ்நாள் முழுக்க இவள் கைக்குள் இருக்கவேண்டும். ஒன்றில் மானம் ஒரேயடியாகப் போகும், இன்னொன்றில் தினம் தினம் போகும். ரசீது போட்டாச்சு, வண்டி ஏறப்போகிறது. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இவளிடம் போய் நான் பிச்சை வாங்குவதா? அதற்கு நானே போட்டு உடைத்துவிடுகிறேன் என்று தோன்றியது.

"மாமா, கடைக்குப் போன் பண்ணி அந்தக் கனத்ததை நிறுத்தச் சொல்லுங்க. என்னால அதுல வாசிக்க முடியாது."

கார் ஒரு குலுங்கு குலுங்கியது. நாத்தனார் ஓரமாக ஒரு மருந்துக்கடை முன்னால் நிறுத்தினாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது, கையிலிருந்த துருப்பு நழுவிவிட்டதே.

டீச்சர் வலது கையை முன் சீட்டுக்கு நடுவே நீட்டிக் காட்டினாள். நரம்பு, டாக்டர், ஒன்பது மாசம், எல்லாவற்றையும் மடமடவென்று சொன்னாள். கூடவே, பாப்பாவுக்கு இது தெரிந்தேதான் கனத்ததுக்குச் சம்மதித்தாள், சனிக்கிழமை என்னை அவமானப்படுத்துவதாக மிரட்டினாள் என்பதையும் விடவில்லை. தான் விழுவதென்று ஆனபின் அவளையும் இழுத்துக்கொண்டுதான் விழுவது என்ற வேகம்.

மாமனார் முதலில் ஸ்பீக்கரில் கடைக்குப் போன் போட்டு, எதையும் வண்டியில் ஏற்றவேண்டாம், இருங்கள் என்றார். போனை அணைக்காமலே மடியில் வைத்தார். மகளைத் திட்டப்போகிறார் என்று டீச்சர் காத்திருந்தாள். அவர் பின்னால் திரும்பினார்.

"ஒன்பது மாசமா கை இல்லைன்னா, பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டினது யாரு?"

"முதல் மூணு மாசம் லேசான பாட்டாப் பாத்து நானே சமாளிச்சேன் மாமா. அப்புறம்... பாப்பா."

"முன்னறைக் கதவு திறந்துதானே இருக்கும். இப்படி வாசிக்கக் கூடாதுன்னு நீ சொல்றது எனக்கும் கேக்கும். என் பொண்ணுக்கு அவ்வளவுதான் வரும்போலன்னு நினைச்சுக்குவேன்." அவர் மார்க் பேப்பரைப் பையிலிருந்து எடுத்தார். "நீ மார்க் போட்டா நியாயமாப் போடுவேன்னு காலையிலதான் சொன்னேன். இந்த ஆறு மாசமா அவ வாசிச்சதுல என்ன தப்பு இருந்தது? சொல்லு."

வண்டிகள் விர்ரென்று கடந்துபோய்க்கொண்டிருந்தன. டீச்சருக்கு ஆயிரம் தப்புகள் சொல்ல வரும். தோளைத் தூக்குகிறாள், வேகமாக எடுக்கிறாள், மிதிகட்டையை அதிகம் மிதிக்கிறாள், எதையாவது சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் ஆறு மாசமும் அந்த வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அவள். கேட்கும்போது பொறாமையில் நெஞ்சு எரிந்தவளும் அவள்தான்.

"ஒரு தப்பும் இல்ல மாமா."

நாத்தனார் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் பேசும்போது அந்தக் குரலில் ஈரம் இல்லை.

"இதை மருந்துக்கடை வாசல்ல சொல்லி எனக்கு என்ன பிரயோஜனம்? அசிங்கப்படுத்தினது பெத்தவங்க முன்னாடி. சனிக்கிழமை அவங்க முன்னாடி சொல்லுங்க. கையைப் பத்திச் சொல்லுங்க, சொல்லாமப் போங்க, எனக்கு அது தேவையில்லை. நான் வாசிச்சதெல்லாம் சரின்னு உங்க வாயால சொல்லணும்."

அதைச் சொன்னால் பெற்றவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரியும். தப்பில்லாமல் வாசிக்கிறவள் பக்கத்திலேயே இருக்கும்போது நீங்கள் எதற்கு என்பார்கள்.

மடியிலிருந்த போனில் கடைக்காரர் இன்னும் இருந்தார். சார், வண்டி கிளம்பணும், எதை ஏத்தட்டும், கனத்ததா லேசானதா என்று கேட்டார்.

மாமனார் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அந்த மரத்துப்போன கையாலேயே போனை எட்டி எடுத்தாள்.

"எதையும் ஏத்தாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொல்றேன். அந்த முன்னறையில யார் உக்காரப்போறாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."